கேட்பதும் ஒரு வேலைதான்



மோட்டார், பம்பு என்று திரிகிறவன் மனநலம் பேச வந்துட்டானே என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. என் தங்கை உளவியல் முதுகலை படிக்கிறாள். போன கோடையில் ஒரு மருத்துவமனையில் இன்டர்ன்ஷிப். முதல் வாரம் முழுக்க ஆலோசகர் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்து கேட்பதுதான் வேலை.

"இவ்வளவுதானா?" என்றேன்.

"அண்ணா, அதுதான் கஷ்டம். அழுறவங்களைப் பார்த்தா புத்தி சொல்ல நாக்கு துடிக்கும். அதை அடக்கணும்" என்றாள்.

பிறகுதான் வந்தவரின் விவரம் கேட்டு எழுதுவது. தினமும் மாலை மேற்பார்வையாளரிடம் ஒப்பிக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் அந்த நிமிடமே சொல்லியாக வேண்டும். வெளியே யாரிடமும் மூச்சு விடக்கூடாது.

நாம் அப்ரண்டிஸை முதல் நாளே மின்கம்பத்தில் ஏற்றுவோமா? அதே நியாயம்தான்.

நம் விடுதியிலும் அரியர், வேலைக் கவலை என்று மனம்விட்டுப் பேச ஆளில்லாமல் தவிக்கிற பிள்ளைகள் உண்டு. சங்க நிதியில் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவரை அமர்த்துவோம். அவர் மேற்பார்வையில் உளவியல் மாணவர்களும் பயிலட்டும். அதுவரை, மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் இலவச எண் 14416-ஐ விடுதிப் பலகையில் பெரிதாக எழுதி வைப்போம்.