குழந்தையின் சொல்வளமும் ஆங்கில வாசிப்பும்

எழுத்துக்கூட்டி ஒலிப்பது ஒன்று. படித்ததன் பொருளை உணர்வது மற்றொன்று. ஆயினும், ஆங்கிலப் பாடத்தைக் குழந்தை தடையின்றி ஒலித்துவிட்டால், அதற்குப் படிக்கத் தெரிந்துவிட்டதென்று நாம் மகிழ்ந்து போகிறோம். படித்த கதையைச் சொல் என்று கேட்டால் அதே குழந்தை விழிக்கிறது. தமிழகத்துக்கு வெளியே வாழும் நம் இல்லங்களில் பலரும் கண்டிருக்கும் காட்சி இது. இதன் காரணத்தை ஆராயக் கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் தக்கதோர் இடமாகும்.

1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் தங்கவயலில் தொழிலை மேற்கொண்ட பின்னர், வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர் திரளாக வந்து குடியேறினர். அவர்களுள் ஆங்கிலப் பள்ளியை எட்டிப் பார்த்தவர் மிகச் சிலரே. எனினும் 'ஷாப்ட்', 'கேஜ்', 'ஷிப்ட்' முதலிய சொற்கள் அவர்கள் நாவில் தமிழ்போலவே புழங்கின. 3,000 மீட்டருக்கும் மேல் ஆழம் கண்ட சாம்பியன் ரீப் சுரங்கத்தில், ஆட்களை இறக்கிய கூண்டுக்குப் பெயர் 'கேஜ்'. நாள்தோறும் அதில் இறங்கியவருக்கு அகராதி எதற்கு? பொருளை முன்னே அறிந்தார். பெயர் தானே வந்தமைந்தது.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. இன்று பலருக்குப் பிழைப்பு பெங்களூரில். மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் புறப்படும் ரயிலில் சென்று, இரவில் திரும்புகின்றனர். ஆங்கிலத்தின் பயனைக் கண்கூடாகக் காணும் பெற்றோர், குழந்தையை ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்ப்பதில் வியப்பில்லை. ஆனால், வீட்டில் தமிழ் பேசினால் ஆங்கிலம் கெட்டுவிடும் என்று அஞ்சி, பாட்டியின் கதையையும் நிறுத்திவிடுவோர் உளர். இந்த அச்சம் சரிதானா?

கஃப், டன்மர் என்னும் அறிஞர் இருவர் 1986-இல் இதற்கு ஓர் எளிய கணக்கை வகுத்தனர். எழுத்தை ஒலியாக்கும் திறன், மொழியைக் கேட்டுணரும் திறன் ஆகிய இரண்டையும் பெருக்கி வருவதே படித்துணர்தல். கூட்டல் அன்று, பெருக்கல். ஒன்று சூனியமானால் விடையும் சூனியமே.

அன்றியும், ஆங்கிலத்தில் சரியாக ஒலிப்பதற்கே சொல்லறிவு துணைபுரிகிறது. தமிழ் எழுத்துகளை அறிந்த குழந்தை புதிய சொல்லையும் பெரும்பாலும் பிழையின்றி ஒலித்துவிடும். ஆங்கிலத்திலோ, 'ஆனால்' என்று பொருள்படும் 'பட்', 'வை' என்று பொருள்படும் 'புட்' ஆகிய இரண்டிலும் நடுவில் நிற்பது 'யு' என்னும் ஒரே எழுத்து. ஒலி மட்டும் வேறு. அச்சொற்களை முன்பே காதால் கேட்டுப் பழகிய குழந்தை, தவறாக ஒலித்தாலும் தானே திருத்திக்கொள்ளும்.

தமிழ் இங்கே எவ்வாறு உதவும்? செடியைப் பிடுங்கி, 'வேர்' இன்னது, அது நீரை உறிஞ்சுகிறது என்று பாட்டியிடம் அறிந்த குழந்தை, பள்ளியில் 'ரூட்' என்னும் புதுப்பெயரை மட்டும் கற்றால் போதும். அறியாத குழந்தையோ பொருளையும் பெயரையும் ஒருங்கே கற்க வேண்டும். ஒரு மொழியில் பெற்ற அறிவு மற்றொன்றுக்கு ஆதாரமாகும் என்று ஜிம் கம்மின்ஸ் 1979-இல் எழுதியதும் இக்கருத்தைப் பற்றியதே. மொழிபெயர்ப்பை நாள்தோறும் செய்யும் நமக்கும் இது தெரியும்: பொருள் விளங்காத வாக்கியத்தை எம்மொழியிலும் பெயர்க்க இயலாது.

தமிழ் மட்டுமே போதும் என்பது நம் கருத்தன்று. ஆங்கிலச் சொற்களும் குழந்தையின் காதில் விழ வேண்டும். சிறிய ஆங்கிலக் கதைநூல் ஒன்றையே பலமுறை படித்துக் காட்டலாம். படித்த கதையைத் தமிழில் திருப்பிச் சொல்லச் செய்யலாம். அறியாத சொல் வந்தால், பொருளையோ படத்தையோ காட்டி விளக்கலாம்.

பெற்றோர் ரயிலில் இருக்கும் நேரமெல்லாம் குழந்தையோடு இருப்பவர் தாத்தாவும் பாட்டியும். தமக்கு ஆங்கிலம் தெரியாதே என்று அவர்கள் ஒதுங்க வேண்டுவதில்லை. சுரங்கத்துக் 'கேஜ்' பற்றித் தாத்தா சொல்லக் கேட்ட பேரன், பாடநூலில் பறவைக் கூண்டுக்கும் அதே சொல் வரும்போது திகைக்கமாட்டான். ஆதலால், இன்றிரவே அவர்களைக் கதை சொல்லச் சொல்லுங்கள். குழந்தை நடுவே கேள்வி கேட்டால் தடுக்காதீர்கள்.