பெருமைப் பட்டியலும் பழிப் பட்டியலும்



2024 அக்டோபர் 12 அன்று இரவு ஸ்பெயினின் அரசுத் தொலைக்காட்சி ஓர் ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. கிரனாடா பல்கலைக்கழகத் தடயவியல் அறிஞர் ஹோசே அந்தோனியோ லொரெந்தே அதில் தோன்றி, கொலம்பஸ் யூத வம்சத்தவர் என்பதற்கு மரபணுச் சான்று கிடைத்துவிட்டதாகச் சொன்னார். விடிவதற்குள் செய்தி உலகைச் சுற்றிவிட்டது. ஆனால் அந்தச் சான்று எந்த அறிவியல் இதழிலும் அப்போது வெளியாகவில்லை. மற்ற அறிஞர்கள் எடுத்துச் சரிபார்க்கத் தரவும் அப்போது கிடைக்கவில்லை. சொன்ன செய்தியையாவது கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். கொலம்பஸின் மகன் எர்னாண்டோவின் ஒய் குரோமோசோமிலும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவிலும் யூத மூலத்தோடு ஒத்துப்போகும் கூறுகள் இருக்கின்றனவாம். மைட்டோகாண்ட்ரியா தாய் வழியாக வருவது. எர்னாண்டோவின் தாய் கோர்டோபாவைச் சேர்ந்த பெயத்ரிஸ். ஆகவே அது ஏதாவது சொல்லுமானால் பெயத்ரிஸின் தாய்வழியைப் பற்றிச் சொல்லும்; கொலம்பஸைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஒய் குரோமோசோம் தந்தை வழியில் வருவது உண்மைதான். ஆனால் யூதருக்கு மட்டுமே உரிய முத்திரை என்று அதில் ஒன்று கிடையாது. அதே மரபுவழிகள் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் வட ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் பரவிக் கிடக்கின்றன. 'ஒத்துப்போகிறது' என்பது ஒரு சொல், 'நிரூபிக்கிறது' என்பது வேறு சொல். இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைத் தலைப்புச் செய்தி ஒரே தாவலில் கடந்துவிட்டது.

மரபணுவுக்கு முன்பே இந்தக் கதைக்கு வயது உண்டு. சால்வதோர் தெ மதரியாகா எழுதிய வாழ்க்கை வரலாறும், 1970-களில் சைமன் வீசன்தால் எழுதிய நூலும் கொலம்பஸின் யூத மூலத்தை வாதாடின. அவர்கள் தரப்பில் அடிக்கடி காட்டப்படுவது ஒரு தேதிப் பொருத்தம். ஸ்பெயினை விட்டு யூதர்கள் வெளியேற வேண்டிய கெடு 1492 ஆகஸ்ட் 2-ல் முடிந்தது. கொலம்பஸின் கப்பல்கள் ஆகஸ்ட் 3-ல் புறப்பட்டன. கேட்கும்போது மெய் சிலிர்க்கும். ஆனால் இரண்டு நாட்கள் அடுத்தடுத்து வந்தன என்பதைத் தவிர அதில் வேறு சங்கதி இல்லை. மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் போட்ட முடிச்சு அது. எதிர்த்தட்டில் இருப்பது என்ன? 1479 ஆகஸ்ட் 25 தேதியிட்ட ஜெனோவா நகர ஆவணம். மதெய்ரா தீவில் சர்க்கரை வாங்கிய கணக்கு வழக்கில் சாட்சி சொன்ன ஒருவர், தான் ஜெனோவா குடிமகன் என்றும், வயது ஏறத்தாழ 27 என்றும், மறுநாள் காலையில் லிஸ்பனுக்குக் கிளம்புவதாகவும் பதிவு செய்திருக்கிறார். பெயர் கிறிஸ்தோபோரோ கொலம்போ. தந்தை தொமேனிகோ கம்பளி நெசவாளர் என்பதற்கும் அந்நகரப் பதிவுகள் இருக்கின்றன. யாருடைய பெருமைக்காகவும் எழுதப்படாத சர்க்கரைக் கணக்கு இது. அதனாலேயே எனக்கு இதன் மேல் நம்பிக்கை அதிகம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். உயிருக்கு அஞ்சி அடையாளத்தை மறைத்தவர்களிடம் ஆவணம் கேட்பது என்ன நீதி? ஆவணம் இல்லாததே மறைத்ததற்கு அடையாளம் ஆகாதா? கேள்வியில் இருக்கும் இரக்கத்தை நான் மதிக்கிறேன். தர்க்கத்தை ஏற்க முடியவில்லை. சான்று இல்லாததையே சான்றாக்கிவிட்டால், பிறகு உலகில் யாரைத்தான் யூதர் என்று நிறுவ முடியாது? அதைவிட முக்கியமான ஒன்று, அக்கால ஸ்பெயினின் நிலைமையே நேர்மாறானது. மதம் மாறிய யூதக் குடும்பங்கள் மற்றவர்களைவிட அதிகமான காகிதங்களை விட்டுச் சென்றன. அவர்களைத் துரத்திய சமய விசாரணை மன்றம் எதையும் எழுதாமல் விட்டதில்லை. கொலம்பஸின் அருகிலேயே பாருங்கள். பயணத்துக்குப் பணம் திரட்டிய லூயிஸ் தெ சாந்தாங்கெல் மதம் மாறிய யூதக் குடும்பத்தவர். அவரையும் வாரிசுகளையும் விசாரணை மன்றத்திலிருந்து காக்க 1497-ல் மன்னர் பெர்தினாந்து ஆணையே பிறப்பித்தார். கப்பலில் போன மொழிபெயர்ப்பாளர் லூயிஸ் தெ தோரெஸ் முன்பு யூதராக இருந்தவர், எபிரேயம் அறிந்தவர் என்று கொலம்பஸின் நாட்குறிப்பே சொல்கிறது. அந்தத் தோரெஸையும் பின்னால் வந்த எழுத்தாளர்கள் சும்மா விடவில்லை. கியூபாவில் நிலபுலன்களோடு செல்வந்தராக வாழ்ந்து மறைந்தார் என்று கதை வளர்ந்தது. ஆனால் முதல் பயணத்தில் கட்டிய லா நவிதாத் கோட்டையில் விடப்பட்டு, கொலம்பஸ் திரும்பி வருவதற்குள் மாண்டுபோன 39 பேரில் அவரும் ஒருவர். 1508-ல் அவருடைய மனைவி கதலீனா சான்செஸுக்கு அரசு உதவித்தொகை வழங்கிய பதிவு இருக்கிறது. அடையாளம் உண்மை, வாழ்க்கை புனைவு. ஒன்று மெய்யானதால் மற்றதும் மெய்யாகிவிடாது.

போகட்டும், ஒரு சமூகம் ஒரு பெரிய மனிதரைத் தன்னவர் என்று கொண்டாடினால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பவர்கள் உண்டு. சார்லி சாப்ளினை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் யூதர் என்பதற்கு ஓர் ஆவணமும் கிடையாது. ஆனாலும் யூதப் பெருமை பேசும் பட்டியல்களில் அவர் பெயர் ஏறியது. 1933-ல் யோஹான் ஃபான் லேயர்ஸ் என்ற நாஜி எழுத்தாளர் யூதர்களை இழிவுபடுத்தி வெளியிட்ட படத்தொகுப்பிலும் ஏறியது. 1950-களில் அமெரிக்கர்கள் கேட்டுக்கொண்டதால் பிரிட்டனின் உளவுத்துறை, அவருடைய உண்மைப் பெயர் 'இஸ்ரேல் தோர்ன்ஸ்டைன்' தானா என்று பிறப்புப் பதிவுகளைப் புரட்டிப் பார்த்துக் கையை விரித்தது. பாராட்டியவர், பழித்தவர், வேவு பார்த்தவர் என மூவருக்கும் கையில் இருந்த முதல் ஒன்றுதான்: வாய்வழி வதந்தி. பெருமைக்காகச் சான்றைத் தளர்த்துகிறவர், பழிக்காகத் தளர்த்துகிறவரை எந்த வாயால் கண்டிப்பார்?

இதன் மறுபக்கமும் உண்டு. லெனினுடைய தாய்வழிப் பாட்டனார் மருத்துவர் அலெக்சாந்தர் பிளாங்க் யூதராகப் பிறந்து 1820-ல் ஞானஸ்நானம் பெற்றவர். லெனினின் அக்கா அன்னா இதை ஆவணக் காப்பகத்தில் கண்டறிந்து, யூத வெறுப்பை எதிர்க்க இது உதவும், வெளியிடுங்கள் என்று 1932-ல் ஸ்டாலினுக்கு எழுதினார். ஸ்டாலின் வாய்ப்பூட்டுப் போட்டார். ஆவணம் இருந்தும் அடையாளம் அமுக்கப்பட்டது. அதற்காக லெனினை 'யூதர்' என்று ஒற்றைச் சொல்லில் எழுதிவிடலாமா? யூத சமயச் சட்டம் தாய்வழியைப் பார்க்கிறது. நாஜிகளின் சட்டம் பாட்டன் பாட்டிகளின் தலையை எண்ணியது. மனிதர்கள் தங்களைத் தாங்களே என்னவாகக் கருதினார்கள் என்பது மூன்றாவது. எந்த அளவுகோலால் சொல்கிறோம் என்று எழுதாத வாழ்க்கை வரலாறு பாதிதான் சொல்கிறது. சம்பந்தப்பட்டவரின் சொந்த வாய்மொழியும் போதாது. பிரிட்டிஷ் பிரதமர் டிஸ்ரேலி யூதராகப் பிறந்ததில் ஐயமில்லை. ஆனால் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டு வெனிஸில் குடியேறிய உயர்குடி என்று தன் முன்னோரைப் பற்றி அவர் எழுதிய அழகான கதையைப் பின்வந்த ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. தாத்தா இத்தாலியின் சென்தோ என்ற சிற்றூரிலிருந்து 1748-ல் லண்டனுக்கு வந்தவர்.

கடைசியாக, எனக்கே எளிதில் விடை தெரியாத மறுப்பு. சமய விசாரணை மன்றத்தின் ஏட்டை நம்பச் சொல்கிறீர்களே, அது அச்சுறுத்தி எழுதி வாங்கியது அல்லவா? நம் மேற்குக் கரையில் நடந்த ஒன்றை வைத்துப் பார்க்கலாம். கார்சியா த ஓர்தா 1534-ல் கோவாவுக்கு வந்த போர்த்துகீசிய மருத்துவர். இந்திய மூலிகைகளைப் பற்றிய உரையாடல் நூலை 1563-ல் அங்கேயே அச்சிட்டார். 1568-ல் இறந்தார். மறு ஆண்டே அவருடைய தங்கை கதரீனா, யூதச் சமயத்தை ரகசியமாகப் பின்பற்றிய குற்றத்துக்காகக் கோவாவில் எரிக்கப்பட்டார். 1580-ல் ஓர்தாவின் எலும்புகளையும் தோண்டி எடுத்து எரித்தார்கள். 1886-ல் ஃபிக்காலியோ எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இந்த வழக்குகள் இல்லை. 1934-ல் சில்வா கர்வாலியோ மன்றத்தின் ஏடுகளைக் கொண்டு எழுதிய பிறகே வெளிவந்தன. இந்த ஏடுகளை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது, அப்படியே விழுங்கவும் முடியாது. ஓர்தா ஸ்பெயினிலிருந்து வந்த யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர், கட்டாய மதமாற்றத்துக்கு ஆளான குடும்பம் என்பதை உறுதியாக எழுதலாம். உள்ளூர அவர் மோசேயின் சட்டத்தைப் போற்றினார் என்பது வேறு வகை. அதற்கு நம்மிடம் இருப்பது, நெருப்பு காத்திருந்த அறையில் உறவினர்கள் சொன்னதை மன்றத்தின் எழுத்தர் எழுதிக்கொண்டது. 'விசாரணையில் இவ்வாறு கூறியதாகப் பதிவு' என்று சேர்க்க நூலாசிரியருக்கு அரை வரி போதும். அந்த அரை வரி எத்தனை நூல்களில் இருக்கிறது என்று வீட்டுக்குப் போய் அலமாரியைத் திறந்து பாருங்கள்.