'மே' என்னும் வினைச்சொல்

தில்லியில் மத்திய அரசின் ஆவணங்களை மொழிபெயர்க்கும் எனக்கு மிகுந்த எச்சரிக்கை தரும் ஆங்கில வினை, 'மே' என்னும் சிறு சொல்லே. தமிழில் அதனைச் 'செய்யலாம்' என்கிறோம். 'மழை வரலாம்' என்பது ஐயம். 'உள்ளே வரலாம்' என்பது இசைவு. ஆங்கிலச் சொல்லுக்கும் இவ்விரு பொருளும் உண்டு.

அதன் பிறப்போ வேறு. பழைய ஆங்கிலத்தில் அது 'மகன்'. நம் மகனுக்கும் அதற்கும் உறவில்லை. ஆற்றல் உடைமை என்பதே அதன் பொருள். வலிமையில் பிறந்த சொல், நாளடைவில் 'தடையில்லை' என்னும் அளவுக்கு மெலிந்தது. 'ஷல்' என்பதோ கடன்பட்டிருத்தலில் பிறந்தது. ஆதலின் சட்டத்தில் அது கட்டளையாயிற்று.

1963ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், 1965 சனவரி 26க்குப் பின்னும் இந்தியோடு ஆங்கிலத்தைப் பயன்படுத்த 'மே' என்றே இடமளித்தது. 'ஷல்' வேண்டுமென்று மாநிலங்களவையில் அண்ணா வாதாடினார். இங்கு இரண்டும் ஒன்றே என்றார் நேரு. ஒன்றாயின் மாற்றுவதற்கென்ன என்பது எதிர்வினா. 1964இல் நேரு மறைந்தார். வாய்மொழி போய் எழுத்தே எஞ்சியது. 1965இல் தமிழகம் கொந்தளித்தது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களின் சட்டமன்றங்கள் அனைத்தும் இசையும்வரை ஆங்கிலத்தை நீக்கலாகாது என 1967ஆம் ஆண்டுத் திருத்தம் உறுதி செய்தது.

ஆகவே அன்பர்களே, வெளியூரில் வாடகை ஒப்பந்தத்திலோ பணியாணையிலோ கையொப்பமிடுமுன், அங்கிருப்பது 'லாம்' என்பதா, 'வேண்டும்' என்பதா என்று ஒருமுறை பாருங்கள். முன்னது கொடுப்பவரின் விருப்பம். பின்னது அவர்தம் கடன்.