செவி திறந்தால் நா திறக்கும்

(நமது பங்கின் பொன்விழா ஆண்டில், பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கோயில் எழுந்த வரலாற்றையும், அதற்காக உழைத்த முன்னோரையும் நினைவுகூரும் இவ்வாண்டில், காதுகேளாத பிள்ளைகளுக்குக் கேட்கவும் பேசவும் கற்பிக்கும் பணியில் உள்ள எங்களையும் அழைத்துப் பேசச் சொன்னீர்கள். அதற்கு எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

மாற்கு நற்செய்தியின் 7-ஆம் அதிகாரத்தில், காதுகேளாத, பேச்சுத் திருந்தாத ஒரு மனிதரை ஆண்டவர் குணமாக்கிய நிகழ்ச்சியை நாம் அறிவோம். அதைச் சற்று ஊன்றிப் பார்த்தால் எங்கள் தொழிலுக்கு வேண்டிய பாடம் முழுவதும் அங்கே இருக்கிறது. முதலாவது, அம்மனிதர் தாமாக வரவில்லை. பிறர் அவரை அழைத்து வந்தார்கள். இரண்டாவது, ஆண்டவர் அவரைக் கூட்டத்தின் இரைச்சலிலிருந்து தனியே கொண்டுபோனார். மூன்றாவது, செவியையும் நாவையும் தொட்டு, அவருக்குப் புரியும் வகையில் செயலால் பேசினார். நான்காவது, 'எப்பத்தா', அதாவது 'திறக்கப்படு' என்றதும் முதலில் செவி திறந்தது. அதன் பிறகே நாவின் கட்டு அவிழ்ந்தது. இந்த வரிசையை மறவாதிருக்கும்படி உங்களை வேண்டுகிறோம்.

பேச்சு ஏன் வருவதில்லை?

காதுகேளாத பிள்ளையை 'ஊமை' என்று அழைக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. அது இரக்கமற்ற சொல் மட்டுமன்று, உண்மைக்கு மாறான சொல்லும் ஆகும். பெரும்பாலும் இப்பிள்ளைகளின் நாவிலோ தொண்டையிலோ ஒரு குறையும் இராது. தாய்மொழியை யாரும் நாவினால் கற்பதில்லை, செவியினாலேயே கற்கிறோம். தாயின் வயிற்றில் ஆறாம் மாத அளவிலேயே சிசு ஒலிகளைக் கேட்கத் தொடங்குகிறது. பிறந்தபின் ஏறத்தாழ ஓராண்டு கேட்டுக்கொண்டே இருந்துதான் 'அம்மா' என்ற முதற்சொல்லைச் சொல்லுகிறது. கேட்காத செவிக்கு அந்த ஓராண்டுப் பாடம் கிடைப்பதில்லை. சேராத பணத்தை எப்படிச் செலவு செய்ய முடியும்?

உலகக் கணக்கில் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் அவர்களில் ஒன்று முதல் மூன்று குழந்தைகள் குறிப்பிடத்தக்க செவிக் குறையோடு பிறக்கின்றன. அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோரின் பெற்றோர் நன்றாகக் காது கேட்பவர்களே. ஆகவே "எங்கள் வீட்டில் யாருக்கும் இப்படி இல்லையே" என்பது எந்தக் குடும்பத்துக்கும் காப்பு ஆகாது.

காத்திருப்பதால் வரும் நட்டம்

மூளையில் மொழிக்கான பாதைகள் மிக வேகமாக அமைவது முதல் மூன்று ஆண்டுகளில். அந்தக் காலத்தைத்தான் நாம் சாக்குச் சொல்லிக் கழித்துவிடுகிறோம். "அவன் தாத்தாவும் ஐந்து வயதில்தான் பேசினார்", "ஆண்பிள்ளை தாமதமாகத்தான் பேசுவான்", "நாக்குத் தடிப்பு, வசம்பு தேய்த்தால் சரியாகும்" என்றெல்லாம் பெரியவர்கள் சொல்வார்கள். அன்பினால் சொல்லுகிறார்கள், ஆனால் பிள்ளைக்குப் போன மாதங்கள் திரும்பி வருவதில்லை. வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டோம். ஆனால் நேர்ச்சை செலுத்தும்வரை மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிவைக்காதீர்கள்.

சில அடையாளங்களைத் தாய்மார் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். மூன்று மாதக் குழந்தை திடீர்ச் சத்தத்துக்குத் திடுக்கிட வேண்டும்; தாயின் குரலுக்கு அழுகை அடங்க வேண்டும். ஆறு மாதத்தில் ஒலி வரும் பக்கம் திரும்ப வேண்டும். ஒரு வயதில் பெயர் சொல்லி அழைத்தால் அறிந்துகொள்ள வேண்டும். இரண்டு வயதில் 'அம்மா வா' என்று இரு சொற்களைச் சேர்க்க வேண்டும். காதுகேளாத குழந்தையும் முதல் மாதங்களில் 'ங்கா' என்று மழலை செய்யும். அதைக் கண்டு ஏமாறக் கூடாது. தட்டைத் தட்டிப் பார்ப்பதும் நம்பத்தக்க சோதனை அன்று. தரையின் அதிர்வையோ நிழலின் அசைவையோ உணர்ந்து குழந்தை திரும்பிவிடும்.

ஓ.ஏ.இ. என்றும் பெரா என்றும் இரு பரிசோதனைகள் உண்டு. குழந்தை உறங்கும்போதே, ஊசியும் வலியும் இன்றிச் செய்துவிடலாம். ஒரு மாதத்துக்குள் முதற் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பது உலகெங்கும் வல்லுநர் கூறும் கணக்கு. 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் அமைந்த மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இதற்கு வழி கேட்கலாம்.

கருவி செய்வதும் செய்யாததும்

ஓரளவு கேட்கும் செவிக்குக் காது மெஷின் போதும். அதனாலும் பயன் பெறாத செவிக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் என்னும் அறுவை சிகிச்சை உண்டு. உட்செவியில் நுண்ணிய மின்கம்பியைச் செலுத்தி, ஒலியை மின்துடிப்பாக்கி நரம்புக்கு அனுப்பும் முறை அது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பங்களின் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இது கட்டணமின்றிச் செய்யப்படுகிறது.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். மூக்குக்கண்ணாடி போட்ட அன்றே எழுத்துத் தெரியும். காது மெஷின் மாட்டிய அன்றே பேச்சுப் புரியாது. கருவி ஒலியைக் கொண்டுவந்து வாசலில் வைக்கிறது. அந்த ஒலிக்குப் பொருள் ஊட்டுவது வீட்டில் உள்ளவர்களின் பேச்சே. கருவி மாட்டி ஓராண்டாகியும் பேசவில்லையே என்று மனம் உடையும் பெற்றோர்க்கு நாங்கள் சொல்வது இது: பிள்ளையின் வயதைப் பிறந்த நாளிலிருந்து எண்ணாதீர்கள், கேட்கத் தொடங்கிய நாளிலிருந்து எண்ணுங்கள். மூன்று வயதுப் பிள்ளை இரண்டு வயதில் கருவி பெற்றிருந்தால் அதன் கேட்கும் வயது ஒன்றே.

விழித்திருக்கும் நேரமெல்லாம் கருவி காதில் இருக்க வேண்டும். காலையில் மாட்டியதும் 'ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ்' என்ற ஆறு ஒலிகளைச் சொல்லிப் பாருங்கள். கனடாவில் பணிபுரிந்த டேனியல் லிங் என்ற பேராசிரியர் வகுத்த எளிய சோதனை இது. தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை பேச்சின் அளவெல்லாம் இந்த ஆறில் அடங்கும். நேற்றுக் கேட்ட 'ஸ்' இன்று கேட்கவில்லையென்றால் பாட்டரியையோ கருவியையோ செவியையோ உடனே பார்க்க வேண்டும்.

கேட்கக் கற்பிக்கும் நான்கு படிகள்

முதற்படி, ஒலி உண்டு, இல்லை என அறிதல். தாய் பின்னால் நின்று மேளம் தட்ட, ஒலி கேட்டதும் பிள்ளை ஒரு மரக்கட்டையைப் பெட்டியில் போடட்டும். குக்கர் விசில் அடித்தால், கோயில் மணி ஒலித்தால், காதைத் தொட்டு "கேட்டாயா?" என்று கேளுங்கள். இரண்டாம் படி, இரு ஒலிகள் ஒன்றா வேறா என்று பிரித்தறிதல். மூன்றாம் படி, அடையாளம் காணல். பந்து, கரண்டி, செருப்பு மூன்றையும் முன்வைத்து, உங்கள் உதட்டைப் பாராதபடி பக்கத்தில் அமர்ந்து ஒன்றின் பெயரைச் சொல்லுங்கள், பிள்ளை எடுக்கட்டும். நான்காம் படி, பொருள் உணர்தல். "மழை வருகிறது, கொடியில் துணி கிடக்கிறதே" என்று தாய் சொல்ல, பிள்ளை வாசலுக்கு ஓடினால், அந்த வீட்டில் மொழி குடியேறிவிட்டது எனலாம்.

இதற்குத் தனி வகுப்பறை வேண்டியதில்லை. அடுப்பங்கரையே பள்ளிக்கூடம். தக்காளி நறுக்கும்போது தக்காளியைப் பற்றியும், குளிப்பாட்டும்போது தண்ணீரைப் பற்றியும் பேசுங்கள். ஒரு முழ தூரத்தில் இருந்து இயல்பான குரலில், முழு வாக்கியமாகப் பேசுங்கள். கத்தினால் சொல் சிதையும். வானொலியையும் தொலைக்காட்சியையும் நிறுத்துங்கள். ஆண்டவர் அம்மனிதரைக் கூட்டத்தினின்று ஒதுக்கிச் சென்றதை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பேசியபின் சற்றுக் காத்திருங்கள். பிள்ளைக்கும் முறை கொடுக்க வேண்டும். ஆங்கிலப் பள்ளியில் சேர்க்கப் போகிறோம் என்று எண்ணி அரைகுறை ஆங்கிலத்தில் பேசாதீர்கள். உங்களுக்குத் தாலாட்டுப் பாட எந்த மொழி வருமோ, அதுவே பிள்ளைக்கு முதல் மொழி.

உதட்டசைவும் துணை செய்யும்; ஆனால் அது மட்டும் போதாது. 'பாடு' என்றாலும் 'மாடு' என்றாலும் உதடு ஒன்றுபோலவே மூடித் திறக்கிறது. கண்ணுக்கு வேற்றுமை தெரியாது. ஆகவே பேசக் கற்பிக்கும்போது தொடுதலையும் சேர்க்கிறோம். 'ம' சொல்லும்போது மூக்கில் விரல் வைத்தால் அதிர்வு தெரியும். 'ப' சொல்லும்போது உதட்டின் முன் பிடித்த மெல்லிய காகிதம் அசையும். வாய்க்குள் மடங்கும் நாவைக் காட்ட முடியாததால் 'ழ' கடினமே. கேட்கும் பிள்ளைகளுக்கே அது தாமதமாகத்தான் வரும். பிள்ளை திருத்தமின்றிச் சொன்னால் சிரிக்காதீர்கள். சரியான சொல்லை நீங்கள் ஒருமுறை சொல்லிக் காட்டினால் போதும்.

பேச்சு வராத பிள்ளையும் நம் பிள்ளையே

எல்லாப் பிள்ளைகளுக்கும் வாய்ப்பேச்சு ஒரே அளவில் வாய்ப்பதில்லை. தாமதமாகக் கண்டறியப்பட்டவர், செவிநரம்பு வளராதவர் எனப் பலர் உண்டு. அவர்களுக்குச் சைகைமொழி முழுமையான மொழி. கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளையின் கையைக் கட்டுவது பாவம் என்றே சொல்வோம்.

நம் திருச்சபையின் வரலாற்றில் இரு வழிகளுக்கும் முன்னோடிகள் உண்டு. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டு ஆசீர்வாதப்பர் சபைத் துறவி பேத்ரோ போன்சே தே லெயோன், பிரபுக்களின் காதுகேளாத மக்களுக்குப் பேசக் கற்பித்தார். 18-ஆம் நூற்றாண்டில் பாரிசில் லெப்பே என்னும் குருவானவர் ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்துச் சைகையால் கற்பித்தார். புனித பிரான்சிஸ் சலேசியார் காதுகேளாத ஒரு மனிதருக்குச் சைகையாலேயே மறைக்கல்வி போதித்து நற்கருணை அளித்தார். அதனால் அவரைக் காதுகேளாதோரின் பாதுகாவலராகக் கொண்டாடுகிறோம். 1880-இல் மிலான் நகர ஆசிரியர் மாநாடு சைகையைப் பள்ளிகளிலிருந்து விலக்கத் தீர்மானித்தது. 130 ஆண்டுகள் கழித்து, 2010-இல் வான்கூவர் மாநாடு அத்தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது.

நம் நாட்டில் 1880-களில் பம்பாயில் ஆயர் லியோ மியூரின் இப்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1890-களில் பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் தொடங்கிய பள்ளி இன்றும் நடைபெறுகிறது. 2024-ஆம் ஆண்டு மே மாதம் திருச்சூரில், காதுகேளாதவரான ஜோசப் தேர்மடம் அடிகளார் குருப்பட்டம் பெற்றார். காதுகேளாதவர் கேட்பவராக மட்டுமன்றிப் போதிப்பவராகவும் பீடத்தில் நிற்கும் காலம் இது.

பங்கு செய்யக்கூடியவை

பொன்விழா நினைவாக இப்பங்கிடம் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம்.

1. ஞானஸ்நானச் சடங்கில் குருவானவர் குழந்தையின் செவியையும் வாயையும் தொட்டுச் செபிக்கும் 'எப்பத்தா' பகுதி உண்டு. ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுக்க வரும் பெற்றோரிடம், "குழந்தைக்குச் செவிப் பரிசோதனை ஆயிற்றா?" என்று ஒரு கேள்வி கேட்கப்படட்டும்.

2. திருமணத் தயாரிப்பு வகுப்பில், நெருங்கிய உறவுத் திருமணத்தால் பரம்பரைச் செவிக் குறை வரும் வாய்ப்புக் கூடுவதையும், கர்ப்பிணியைத் தாக்கும் ருபெல்லா நோய் சிசுவின் செவியைக் கெடுப்பதையும், அதற்குத் தடுப்பூசி உண்டு என்பதையும் சொல்லிக்கொடுங்கள்.

3. காதுகேளாத பிள்ளைகளுக்குக் கோயிலில் முன்வரிசையில் இடம் விடுங்கள். வாசகங்களை முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள். புதுநன்மைக்கு அவர்களை ஒதுக்காமல் தயாரியுங்கள். மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பாவசங்கீர்த்தனம் செய்யத் திருச்சபைச் சட்டமே இடம் தருகிறது.

4. அன்பியங்கள் இத்தகைய வீடுகளைத் தேடிப் போகட்டும். பயிற்சிக்கு வாரந்தோறும் பேருந்து ஏறும் தாய்க்கு, வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் கிடைத்தால் அதுவே பெரிய தருமம்.

அன்றைய மனிதரை ஆண்டவரிடம் அழைத்து வந்தவர்களின் பெயரை நற்செய்தி சொல்லவில்லை. அவர்கள் அழைத்து வராதிருந்தால் அவர் வீட்டிலேயே இருந்திருப்பார். உங்கள் தெருவில் கூப்பிட்டும் திரும்பாத ஒரு குழந்தை இருந்தால், நாளையே அதன் தாயிடம் சென்று பேசுங்கள். எல்லாம் வல்ல இறைவன் உங்கள் குடும்பங்களையும் இப்பங்கையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக.