பூனைக்கும் சர்க்கரை: காலை அளவை எப்படிப் படிப்பது?

(கல்லாறில் நடந்த அங்கத்தினர் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரை)

பொன்முடி போகும் வழியில் ஆற்றங்கரையில் கூட்டி வைத்துக்கொண்டு பூனையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் மாமிகள் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஆனால் இங்கே வந்தவர்களிலேயே மூன்று நாலு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள்: "ராத்திரி ஊசி போட்டும் காலையில் 340 காட்டுகிறதே, ஒரு யூனிட் ஏற்றலாமா?"

அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஏற்றக் கூடாது.

நம்மில் பலருக்கு இந்த வியாதி சொந்த அனுபவம். ஆகவே காலை வெறும் வயிற்று அளவுதான் பெரிய பரீட்சை என்று நினைக்கிறோம். பூனையின் உடம்போ இன்சுலினை வேகமாகச் செலவழித்துவிடும். நமக்கு ஒரு நாள் நிற்கிற கிளார்ஜின் அதற்குப் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம்தான் நிற்கும். அதனால்தான் 12 மணிக்கு ஒரு முறை என்று இரு வேளை ஊசி. மாலை 7 மணிக்குப் போட்டது விடியும்போது அடங்கியிருக்கும். அடுத்த ஊசிக்கு முன்னால் அளவு உயர்ந்து நிற்பது இயல்பே.

பார்க்க வேண்டியது நடு அளவு. ஊசி போட்டபின் இரண்டு மணிக்கு ஒரு தரம் பார்த்தால், நாலிலிருந்து எட்டு மணிக்குள் எங்காவது அடிமட்டம் தெரியும். காலை 340, மத்தியானம் 90 என்றால் மருந்து போதும், ஏற்றினால் ஆபத்து. காலை 340, மத்தியானமும் 300 என்றால் டாக்டர் ஏற்றச் சொல்லலாம். காலை எண் ஒன்றேதான். அர்த்தம் நேர் எதிர்.

மருந்து அதிகமாகி, சர்க்கரை தாழ்ந்து, உடம்பு பதறிப்போய் மேலே தூக்கிவிடுவதும் உண்டு. மைக்கேல் சோமோகி என்ற ரசாயன நிபுணர் 1930களில் மனிதர்களிடம் சொன்ன விஷயம் இது. பூனைகளில் முன்பு நினைத்த அளவுக்கு இது அடிக்கடி நேர்வதில்லை என்றே இப்போது கருதுகிறார்கள்.

பயமும் சர்க்கரையை ஏற்றும். கூடையில் அடைத்து, விதுரா, நெடுமங்காடு வழியாக, வளைவு வளைவாகத் திருவனந்தபுரம் கொண்டுபோய் டாக்டர் மேஜையில் வைத்தால் எந்தப் பூனைக்கும் எண் எகிறும். வீட்டிலேயே, காது ஓரத்தில் குத்தி ஒரு சொட்டு எடுப்பதே மேல். நம் குளுக்கோமீட்டர் பூனை ரத்தத்தில் சற்றுக் குறைத்துக் காட்டும் என்பதை நினைவில் வையுங்கள். எதையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். மணி, அளவு, சாப்பிட்டதா, எத்தனை யூனிட். ரிஜிஸ்டர் இல்லாத ஆபீஸ் உருப்படாது என்பது என் சர்வீஸ் அனுபவம்.

சிரிஞ்சைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன். நம் நாட்டில் மில்லிக்கு 40 யூனிட் குப்பியும் உண்டு, 100 யூனிட் குப்பியும் உண்டு. சிவப்பு மூடி சிரிஞ்சு 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. கிளார்ஜின் 100. அதைச் சிவப்பு மூடியில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போகும். நாலு கிலோ ஜீவன், பெரும்பாலும் ஒன்றிரண்டு யூனிட்டில் ஆரம்பிப்பது, எப்படித் தாங்கும்?

இனி சங்கடமான விஷயம். நம் ஆத்துப் பூனைக்குக் காலங்காலமாகத் தயிர் சாதமும் பாலும்தான். பூனைக்கு இனிப்பு ருசியே தெரியாது. அந்த ஜீன் அதற்கு வேலை செய்வதில்லை என்று 2005-இல் கண்டுபிடித்தார்கள். மாவுச்சத்தைக் கையாளும் சக்தியும் அதன் ஈரலுக்குக் குறைவு. டாரின் என்ற சத்து மாமிசத்திலிருந்துதான் அதற்குக் கிடைக்கும். இல்லாவிட்டால் கண்ணும் இருதயமும் கெடும். ஆசாரம் நமக்கு, பூனைக்கு இல்லை. சமையலறைக்கு வெளியே தனித் தட்டு, தனிக் கரண்டி வைத்து, மாவுச்சத்து குறைந்த டப்பா உணவைக் கொடுப்பதில் எந்தத் தோஷமும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தயிர் சாதத்தை நிறுத்தாமல் ஊசியை மட்டும் ஏற்றிக்கொண்டே போவது வீண்.

ஆனால் உணவை மாற்றும்போது டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். மாவுச்சத்து குறைந்ததும் சர்க்கரை இறங்கும். பழைய அளவு ஊசி அதிகமாகிவிடும். சில பூனைகளுக்கு ஊசியே தேவைப்படாமல் போவதுண்டு. காலையில் முதலில் அளவு, பிறகு சாப்பாடு, பிறகு ஊசி. சாப்பிடவில்லையானால் முழு அளவு போடாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். தள்ளாடினாலோ, துவண்டு படுத்தாலோ, ஈறில் தேன் அல்லது குளுக்கோஸ் தண்ணீர் தடவிவிட்டு உடனே வண்டியை எடுங்கள். அப்போது வளைவு, பயம் எதையும் பார்க்க வேண்டாம்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.