இரவில் வலித்த முழங்கால்

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



புற்றுநோய் விழிப்புணர்வு பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னை அழைத்தார்கள். நான் என் அக்காவைப் பற்றிப் பேசப்போகிறேன். இரண்டும் ஒன்றுதான் என்று செயலாளரிடம் சொல்லிவிட்டேன்.

1994இல் அக்கா ஆண்டு 11, நான் ஆண்டு 9. விடுதியில் எங்கள் கட்டில்கள் அடுத்தடுத்து இருந்தன. நல்ல உயரம் என்பதால் வலைப்பந்தில் கோல் போடுவது அவள்தான். உங்களில் சிலருக்கு அவளை ஞாபகம் இருக்கும். அந்த வருடம் அவளுக்கு முழங்கால் வலி வந்தது. விளையாட்டில் விழுந்தது என்று எல்லோரும் நினைத்தோம். பகலில் சமாளித்துவிடுவாள். இரவில் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுவாள். "அம்மாகிட்ட சொல்லிராத. மடுல்சீமையிலருந்து எறங்கி வந்தா ரெண்டு நாளு பேரு போயிரும்" என்பாள். பேர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்பதை மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இரண்டு மாதம் நான் வாயைத் திறக்கவில்லை.

விடுமுறைக்கு லயத்துக்குப் போனபோது அம்மா வீக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டார். மருந்துக் காம்பராவில் பூசுமருந்தும் மாத்திரையும் கிடைத்தன. பக்கத்து லயத்துப் பாட்டி அன்போடு எண்ணெய் போட்டு உருவிவிட்டார். எக்ஸ்ரே எடுக்கும்போது இன்னும் ஒரு மாதம் போயிருந்தது. பிறகு மஹரகம. காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். ஆனால் நோய் நுரையீரலுக்குப் போயிருந்தது. அடுத்த சித்திரைப் புத்தாண்டைக் காணாமலே அவள் போய்விட்டாள்.

அவளுக்கு வந்தது ஒஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்றுநோய். வருடத்துக்குப் பத்து லட்சம் பேரில் மூன்று நான்கு பேருக்கு வருகிற அரிய நோய். பிள்ளைகள் விறுவிறென்று வளரும் வயதில், பெரும்பாலும் முழங்காலை ஒட்டி, தொடை எலும்பின் கீழ் முனையிலோ கணைக்கால் எலும்பின் மேல் முனையிலோ வரும். விழுந்ததனால் வருவதில்லை. விழுந்த பிறகுதான் நம் கண்ணில் படும். பரவுவதற்கு முன் பிடித்து, மருந்தும் சத்திரசிகிச்சையும் சேர்த்துக் கொடுத்தால் இன்று பாதிக்கு மேற்பட்டோர் பிழைக்கிறார்கள், பலருக்குக் காலும் தப்புகிறது.

மருத்துவம் படிக்கும்போதுதான் டொக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றி வாசித்தேன். புதுக்கோட்டையில் ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரிக்குள் நுழைந்த முதல் பெண் அவர். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அவருடைய தங்கைக்கு நோய் வந்தபோது முதலில் அதை வயிற்றுளைச்சல் என்றே வைத்தியம் பார்த்தார்கள். அது மலக்குடல் புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1923இல் தங்கை இறந்தார். வீட்டுக்குள்ளேயே ஒரு டொக்டர் இருந்தும் நடந்தது இது! பதினான்கு வயதில் வாய்மூடி இருந்த எனக்கு இதை வாசித்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. கொஞ்சம்தான்.

அவர் அழுதுவிட்டு இருந்துவிடவில்லை. 1925இல் லண்டன் சென்று றோயல் மார்ஸ்டன் மருத்துவமனையில் இந்த நோய்க்கான வைத்தியத்தைப் பார்த்து வந்தார். அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கு நேரு அடிக்கல் நாட்டியது 1952இல். 1954 ஜூனில் 12 கட்டில்களோடு அது திறந்தது. தங்கை போய் முப்பத்தொரு வருடம்! அப்போது அவருக்கு 67 வயது. அடுத்த வருடம் அங்கே வந்து சேர்ந்த டொக்டர் சாந்தா, 2021இல் மறையும்வரை அந்த இடத்தை விடவில்லை.

நான் ஆஸ்பத்திரி கட்டச் சொல்லி உங்களிடம் வரவில்லை. கேட்பது இரண்டு சின்ன விஷயம். ஒன்று, விடுதிப் பொறுப்பாசிரியர்களுக்கு: ஒரு பிள்ளைக்கு ஒரே இடத்தில் எலும்பு வலி இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால், இரவில் தூக்கத்தைக் கெடுத்தால், வீக்கம் தெரிந்தால், உருவிவிடாமல் எக்ஸ்ரேக்குக் கூட்டிப் போங்கள். அநேகமாக ஒன்றும் இருக்காது. இல்லாவிட்டால் சந்தோஷமாகத் திரும்பி வரலாம்.

மற்றது, வெளிநாட்டிலும் கொழும்பிலும் இருக்கும் சகோதரிகளுக்கு: பிள்ளையைக் கூட்டிவரும் தாய்க்கு அந்த நாள் பேரும் பஸ் காசும் நம் சங்கம் கொடுக்க வேண்டும். மனு, சிபாரிசு, கையொப்பம் ஒன்றும் கேட்காமல், அன்றைக்கே கையில் கொடுக்க வேண்டும். முதல் வருடத்துக்கான பணத்தை அக்காவின் பெயரில் பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன். அம்மாவும் தன் கையிலிருந்து ஆயிரம் ரூபாய் தந்து அனுப்பினார். அதற்குத் தனியாக ரசீது வேண்டுமாம்.