இடாப்பைக் காப்பது எப்படி?
(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தப் பாடசாலையிலிருந்து சுகாதாரத் துறைக்குப் போனவர்கள் சார்பில் பேச வந்திருக்கிறோம். நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ பேசுவோம் என்று பலர் எதிர்பார்த்திருப்பீர்கள். ஆனால் சங்கம் எங்களிடம் கேட்டது வேறு. நூறு ஆண்டுச் சேர்விடாப்புகளையும் கணினியில் ஏற்றப் போகிறோம், வைத்தியசாலைகளில் நீங்கள் இப்படிப்பட்ட வேலையில் பழகியவர்கள், எந்தச் சேர்வர் வாங்கலாம், எப்படி வைத்திருக்கலாம் என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. ஆனால் எதை வாங்குவது என்பதற்கு முன் எதை இழக்க முடியாது என்று கேட்க வேண்டும். இன்று நாங்கள் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

இடாப்பின் அருமை நம் மலையக மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வந்தபோது தகப்பன் எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே பிறந்தான் என்று கடுதாசி கேட்டார்கள். கடுதாசி இல்லாதவர்கள் நாடில்லாதவர்கள் ஆனார்கள். 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தது. நாடற்றவர்களாக மீதி இருந்தோருக்கு வழி செய்த சட்டம் 2003இல்தான் வந்தது. பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு, பாடசாலை இடாப்பில் எழுதிய ஒரு திகதி எவ்வளவு உதவியது என்பதை இங்கிருக்கும் தாய்மார் அறிவார்கள். ஆகவே நாம் கணினியில் ஏற்றப்போவது வெறும் பெயர்ப்பட்டியல் அல்ல.

முதலில் தரவுத்தளம் என்றால் என்ன என்று பார்ப்போம். 1970ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த எட்கர் கொட் என்பவர், விபரங்களை அட்டவணைகளாகப் பிரித்து, ஒன்றோடு ஒன்று தொடர்புபடுத்தி வைக்கலாம் என்று எழுதினார். மாணவி ஓர் அட்டவணை, பெற்றோர் ஓர் அட்டவணை, தோட்டம் ஓர் அட்டவணை. ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம். வங்கியும் வைத்தியசாலையும் இன்றைக்கும் இப்படித்தான் கணக்கு வைக்கின்றன. கொவிட் காலத்தில் நம் நாட்டுச் சுகாதாரத் துறை பயன்படுத்திய டிஎச்ஐஎஸ் 2 என்ற மென்பொருளுக்கு அடியில் இருப்பதும் போஸ்ட்கிரெஸ் என்ற அத்தகைய தரவுத்தளம்தான்.

சேமிப்பகம் வாங்கும்போது பெரும்பாலும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: எத்தனை டெராபைட்? அது அரைக் கேள்விதான். கொழுந்து மடுவத்தை நினைத்துப் பாருங்கள். மடுவம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தராசு ஒன்றுதான் என்றால், மழையில் கூடையோடு வரிசை நிற்கும். இடம் எவ்வளவு என்பது ஒரு கணக்கு. ஒரு வினாடிக்கு எத்தனை தடவை நிறுக்கலாம் என்பது இன்னொரு கணக்கு. தரவுத்தளம் எட்டு அல்லது பதினாறு கிலோபைட் அளவான சிறு பக்கங்களாக, தட்டின் அங்கும் இங்குமாகப் படிக்கும், எழுதும். நிமிடத்துக்கு 7,200 சுற்றுச் சுற்றும் வன்தட்டு ஒன்று இப்படிச் சிதறிய வேலையை வினாடிக்கு 75 முதல் 100 தடவைதான் செய்யும். எஸ்எஸ்டி தட்டு பத்தாயிரக்கணக்கில் செய்யும். கிளினிக் நாளில் காலை எட்டு மணிக்கு எல்லாக் கவுண்டரிலும் ஒரே நேரத்தில் இலக்கம் தட்டும்போது கணினி திணறினால், பெரும்பாலும் இடம் போதாததால் அல்ல, தராசு போதாததால்தான்.

இரண்டாவது, தட்டு பழுதாகும். பழுதாகாத தட்டு இல்லை. அதனால் பல தட்டுகளைச் சேர்த்து ஒன்றாகப் பயன்படுத்தும் ரெயிட் முறையை 1988இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் பற்றர்சன், கிப்சன், கட்ஸ் ஆகிய மூவர் எழுதினார்கள். அதில் இரண்டு வகையை மட்டும் சொல்கிறோம். ரெயிட் 10 என்பது ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் இரட்டை. ரெயிட் 5 என்பது ஒரு தட்டளவு இடத்தில் சரிபார்க்கும் கணக்கை வைத்து, ஒரு தட்டு போனாலும் மீதியை வைத்துக் கணக்கிட்டு மீட்பது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 600 கிகாபைட் தட்டு எட்டு இருக்கிறது. ஒவ்வொன்றும் வினாடிக்கு 150 வேலை செய்யும் என்று வைப்போம். மொத்தம் 1,200. ரெயிட் 5இல் 4,200 கிகாபைட் இடம் கிடைக்கும், ரெயிட் 10இல் 2,400தான். விலைமனுவைப் பார்ப்பவர் ரெயிட் 5 இலாபம் என்பார். ஆனால் ரெயிட் 5இல் ஒரு சிறு எழுத்துக்கு நான்கு வேலை: பழையதைப் படி, பழைய சரிபார்ப்பைப் படி, புதியதை எழுது, புதிய சரிபார்ப்பை எழுது. ரெயிட் 10இல் இரண்டே வேலை. பாதி படிப்பு, பாதி எழுத்து என்றால், ரெயிட் 10 வினாடிக்கு 800 கோரிக்கையைத் தாங்கும், ரெயிட் 5 தாங்குவது 480. அதிகம் எழுதும் தரவுத்தளத்துக்கு ரெயிட் 10ஐப் பரிந்துரைப்பது இதனால்தான்.

மூன்றாவது, பதிவேடு. மலையில் நிற்கும் கணக்கப்பிள்ளை கையிலிருக்கும் சின்னப் புத்தகத்தில் முதலில் குறித்துக்கொள்வார். பிறகுதான் செக்ரோலில் பேர் விழும். செக்ரோல் நனைந்து போனாலும் சின்னப் புத்தகத்தை வைத்து மறுபடி எழுதலாம். தரவுத்தளமும் அப்படித்தான். எந்த மாற்றத்தையும் முதலில் பதிவேட்டில் வரிசையாக எழுதிவிட்டு, பிறகு ஆறுதலாக அட்டவணையில் எழுதும். ஆகவே பதிவேட்டையும் அட்டவணையையும் வேறு வேறு தட்டுகளில் வைக்க வேண்டும். இரண்டையும் ஒரே பையில் போட்டால், பை ஆற்றில் போனால் இரண்டும் போகும். இன்னொன்று, சில கருவிகள் தட்டில் எழுதுவதற்கு முன்பே எழுதியாயிற்று என்று சொல்லிவிடும். இடி மின்னலில் கரண்ட் போகும் நம் ஊரில், அப்படிப்பட்ட கருவிக்கு மின்கலம் இருக்கிறதா என்று கேட்காமல் வாங்கக் கூடாது.

இனி நாங்கள் பட்ட பாட்டைச் சொல்கிறோம். எந்த வைத்தியசாலை என்று சொல்லவில்லை, தவறு எங்களுடையதும்தான். நாங்கள் அங்கே ஒரு கிளினிக் தரவுத்தளம் நடத்தினோம். ரெயிட் 5. காப்புப் பிரதி தினமும் எடுத்தோம், ஆனால் அதே தட்டுத் தொகுதியின் இன்னொரு கோப்புறைக்குள். ஒரு தட்டு பழுதாகி மஞ்சள் விளக்கு எரிந்திருக்கிறது. சேர்வர் இருந்த அறை பூட்டியிருந்தது, யாரும் பார்க்கவில்லை. பிறகு பார்த்து, புதுத் தட்டு போட்டோம். மீதித் தட்டுகள் இரவு முழுக்க ஓடிப் புதியதை நிரப்ப வேண்டும். விடிவதற்குள் இரண்டாவது தட்டும் போயிற்று. அட்டவணையும் போயிற்று, காப்பும் போயிற்று. ஐந்து மாதப் பதிவு.

எங்களைக் காப்பாற்றியது கிளினிக் கொப்பி. நம் பெண்கள் அதைப் பொலித்தீன் பையில் சுற்றி, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்துப் பாதுகாப்பவர்கள். அவர்கள் கொண்டுவந்த கொப்பிகளைப் பார்த்து மீண்டும் பதிந்தோம். ஒரு அம்மாவிடம் மட்டும் கொப்பி இல்லை. அவர் இருந்த லயம் தீப்பிடித்து எல்லாம் எரிந்துவிட்டது. இதய வால்வு மாற்றிய அவர் வார்பரின் எடுப்பவர். அந்த மருந்து கூடினால் இரத்தம் கசியும், குறைந்தால் உறையும். ஒவ்வொருவருக்கும் அளவு வேறு. எத்தனை மாதமாகத் தேடிப் பிடித்த அளவு என்பது எங்கள் பதிவில் இருந்தது. அவர் கேட்டது ஒன்றுதான்: "டொக்டர், என் கொப்பிதான் எரிஞ்சிருச்சு, உங்க கம்பியூட்டர்ல இருக்கும்தானே?"

எங்களிடம் பதில் இல்லை. மறுபடி முதலிலிருந்து இரத்தம் எடுத்து அளவு பார்த்தோம். வாராவாரம் வரச் சொன்னோம். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, கடவுள் புண்ணியம். ஆனால் வந்த ஒவ்வொரு நாளும் அவருக்கு ஒரு பேர் போயிற்று. எங்கள் தவறுக்கு அவர் சம்பளத்தில் கழிந்தது.

அன்று படித்தது இதுதான்: இரட்டிப்பு வேறு, காப்பு வேறு. இரண்டு எழுதுவினைஞர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே செக்ரோலை எழுதினால், ஒருவர் தவறாக வெட்டிய பேரை மற்றவரும் உடனே வெட்டுவார். தட்டு பழுதானால் இரட்டிப்பு காக்கும். தவறி அழித்தால், நச்சு மென்பொருள் புகுந்தால், தீப்பிடித்தால் காக்காது.

பெரிய இடங்களிலும் இதுவே நடந்திருக்கிறது. 2021 ஜூலையில் நமது தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் தரவுகள் அரச மேகக் கணினியிலிருந்து அழிந்து, குற்றப் புலனாய்வுத் திணைக்களம் வரை போயிற்று. 2023 ஓகஸ்ட் 26இல் கப்பம் கேட்கும் நச்சு மென்பொருள் அரச மின்னஞ்சலைத் தாக்கியது. சேவையை விரைவில் மீட்டார்கள். ஆனால் இணைப்பில் இருந்த காப்பும் சேர்ந்து பூட்டப்பட்டதால், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் ஏறத்தாழ 5,000 முகவரிகளுக்குத் திரும்பவில்லை. இதற்கு மாறாக, 2022 நவம்பரில் டில்லி எய்ம்ஸ் வைத்தியசாலையின் ஐந்து சேர்வர்கள் இப்படித் தாக்கப்பட்டன. பல நாள் கையால் எழுதித்தான் நோயாளரைப் பார்த்தார்கள். ஆனால் பாதிக்கப்படாத ஒரு காப்புச் சேர்வர் இருந்ததால் தரவு திரும்பி வந்தது. இரண்டுக்கும் இடையில் உள்ள வேறுபாடு, தாக்குதல் எட்டாத இடத்தில் ஒரு பிரதி இருந்ததா இல்லையா என்பதுதான்.

ஆகவே திட்டம் போடுபவர் கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் விடை எழுத வேண்டிய கேள்விகள் ஐந்து. எவ்வளவு நேரத்து வேலையை இழக்கத் தாங்கும்? எவ்வளவு நேரத்தில் மறுபடி எழும்ப வேண்டும்? வினாடிக்கு எத்தனை வேலை, அதில் எத்தனை எழுத்து? மூன்று ஆண்டில் எவ்வளவு வளரும்? விளக்கு மஞ்சளாகும்போது பார்ப்பவர் யார்? வார்ட்டில் ஒட்சிசன் சிலிண்டரை ஒவ்வொரு முறை மாற்றத்திலும் திறந்து பார்க்கிறோம் அல்லவா? காப்பையும் அப்படித் திறந்து, இன்னொரு கணினியில் மீட்டுப் பார்க்க வேண்டும். மீட்டுப் பார்க்காத காப்பைக் காப்பு என்று நம்ப முடியாது.

இனி நமது இடாப்புக்கு வருவோம். ஆண்டுக்கு நூறு பிள்ளைகள் என்று வைத்தாலும் நூறு ஆண்டுக்குப் பத்தாயிரம் பதிவு. ஒரு பதிவு இரண்டு கிலோபைட் என்றால் மொத்தம் இருபது மெகாபைட். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு படம், படத்துக்கு ஐந்து மெகாபைட் என்றாலும் ஐம்பது கிகாபைட்தான். ஒரு பென் டிரைவில் அடங்கும். பெரிய சேர்வர் வேண்டாம். சங்கத்தின் காசை அதற்குச் செலவிட வேண்டாம் என்பதே எங்கள் பணிவான ஆலோசனை. ஒரு நல்ல கணினி, இரட்டைத் தட்டு, யுபிஎஸ் போதும்.

மிஞ்சும் காசையும் கவனத்தையும் பிரதிகளில் போடுவோம். பாடசாலையில் ஒன்று. கணினியிலிருந்து கழற்றி, ஈரம் படாமல் இரும்பலுமாரியில் பூட்டியது ஒன்று. மண்சரிவு எட்டாத தூரத்தில், கொழும்பில் இருக்கும் பழைய மாணவியர் கிளையிடம் பூட்டுச் சொல்லோடு ஒன்று. ஆண்டுக்கு இரண்டு தடவை, தவணை விடுமுறையில், உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவுத் தங்கைமார் அந்தப் பிரதியை வெறும் கணினி ஒன்றில் மீட்டுப் பார்க்கட்டும். அவர்களுக்கும் அது பாடம். இதில் பிறந்த திகதியும் தகப்பன் பெயரும் இருப்பதால், யார் பார்க்கலாம் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதைக் கேட்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏற்றி முடிந்ததென்று பழைய இடாப்பை எரித்துவிடாதீர்கள். அந்த மையும் ஒரு பிரதிதான்.

நாங்கள் சேர்ந்த நாளில் அதிபர் அறையில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். இடாப்பில் பேர் விழுந்ததும்தான் அப்பா மூச்சு விட்டார். தோட்டத்தில் ஒரு நாள் பேர் விழாவிட்டால் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். இங்கே விழுந்த ஒரு பேரும் அழியக் கூடாது.